கான்கிரீட் உருளையின் இரு முனைகள்

பெரிய கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கும் இடத்தில், அதன் தூண்களிலும் உத்தரங்களிலும் வார்க்கப்படும் கான்கிரீட்டிலிருந்து சிறிதளவு எடுத்து, உருளை வடிவான அச்சுகளில் இட்டு, 28 நாள் ஈரத்தில் வைத்துப் பதப்படுத்தி, பின்னர் அதனை யந்திரத்தில் நிறுத்தி நொறுக்கிப் பார்த்து, அது தாங்கிய பாரத்தை ஓர் எண்ணாக எழுதிக்கொள்ளும் வழக்கம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது. மேல்மாடி எழலாமா, கட்டியதை இடிக்கவேண்டுமா, ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்கலாமா என்பனவெல்லாம் அந்த எண்ணைக் கொண்டே தீர்மானமாகின்றன. ஆயினும் அந்த எண் கான்கிரீட் ஒன்றினாலேயே பிறப்பதன்று. உருளையின் இரு முனைகளுக்கும் யந்திரத்தின் எஃகுத் தட்டுகளுக்கும் இடையே, சில மில்லிமீட்டர் கனமே உள்ள ஒரு படலம் இருக்கிறது. பரிசோதனைச்சாலைகளில் கேப்பிங் என்று வழங்கும் அந்த மூடி செவ்வையாக அமைந்தால் கிடைக்கும் எண் கான்கிரீட்டுடையது. செவ்வையாக அமையாவிடின் அந்த எண் மூடியுடையதே. இவ்வளவு பெரிய பொறுப்பு இவ்வளவு மெல்லிய பொருளின்மேல் ஏற்றப்பட்டிருப்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அதில் அடங்கியுள்ள பௌதிக நியாயங்களோ, ஆழ்ந்து நோக்குபவருக்கு மிகுந்த சுவை தருவன.

முதலில் உருளையைப் பற்றிச் சில சொற்கள். ஏ.எஸ்.டி.எம். என்னும் அமெரிக்கப் பொருட்சோதனைச் சங்கம் 1921-ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்டு, பலமுறை திருத்தி இன்றும் நடைமுறையில் வைத்திருக்கும் சி 39 என்னும் விதிமுறைப்படி, உருளையின் விட்டம் 6 அங்குலம், உயரம் 12 அங்குலம். அதாவது 150-க்கு 300 மில்லிமீட்டர். இக்காலத்தில் 4 அங்குல விட்டமும் 8 அங்குல உயரமும் உள்ள சிறிய உருளைகளும் மிகுதியாக வழங்குகின்றன. எவ்வளவினதாயினும் உயரம் விட்டத்தைப்போல் இருமடங்கு இருக்கவேண்டும் என்பது மாறாத நியதி. அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம். பெரிய உருளையில் கான்கிரீட்டை மூன்று அடுக்காக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் முனை உருண்ட எஃகுக் கம்பியால் 25 முறை குத்தி இறுக்குவர். சாதாரணக் கட்டட வேலைக்குரிய 30 மெகாபாஸ்கல் வலிமையுள்ள கான்கிரீட்டாக அது இருக்குமானால், ஏறத்தாழ 54 டன் பாரத்தைத் தாங்கிய பிறகே நொறுங்கும். பாரத்தை ஏற்றும் வேகமும் விதிக்கப்பட்டதே. விநாடிக்கு 0.25 மெகாபாஸ்கல் வீதம் ஏற்றினால் சோதனை சுமார் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒரு மாத காலத்துக் காத்திருப்பு அந்த இரண்டு நிமிஷத்தில் ஓர் எண்ணாக மாறுகிறது.

உருளையின் அடிமுனை அச்சின் அடித்தட்டில் படிந்து உறைவதால் ஓரளவு சமமாக இருக்கும். அங்கும் பிளாஸ்டிக் அச்சின் அடி சற்றுப் பிதுங்கியிருந்தால் அந்தப் பிதுக்கம் கான்கிரீட்டிலும் பதிந்துவிடும். மேல்முனையோ கொத்துக் கரண்டியால் இழுத்துவிடப்பட்டது. ஜல்லியின் முனை ஓரிடத்தில் தலைநீட்டும், மேலே ஊறிவரும் நீர் மற்றோரிடத்தில் குழி செய்யும், கரண்டியின் விளிம்பு வேறோரிடத்தில் வரப்பு விட்டுச் செல்லும். எவ்வளவு கைதேர்ந்த கொத்தனாராயினும், விதி கேட்கும் சமதளத்தைக் கரண்டியால் உண்டாக்க முடியாது. ஏனெனில் விதி கேட்பது 0.05 மில்லிமீட்டருக்குள் அடங்கிய சமதளம். ஒரு மில்லிமீட்டரை இருபது கூறாக்கி அவற்றில் ஒரு கூறுக்கு மேல் மேடோ பள்ளமோ இருத்தலாகாது என்று கேட்கும்போது, இஃது அதிகாரிகளின் வீண் பிடிவாதமோ என்று தோன்றுவது இயல்பு. அப்படியன்று என்பதை ஒரு சிறு கணக்கே தெளிவாக்கும்.

கான்கிரீட் நொறுங்கும் தறுவாயில் தன் உயரத்தில் ஆயிரத்தில் சுமார் இரண்டு பங்கே குறுகுகிறது. 300 மில்லிமீட்டர் உயரமுள்ள உருளையானால், தொடக்கமுதல் முறிவுவரை அதன் மொத்தக் குறுக்கம் 0.6 மில்லிமீட்டர் அளவே. இப்போது, அதன் முனையின் நடுவில் கால் மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு மேடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கண்ணுக்குப் புலப்படாத அந்த மேடு, உருளை தன் வாழ்நாள் முழுவதும் அடையப்போகும் குறுக்கத்தில் பாதிக்குச் சற்றே குறைந்தது! எனவே எஃகுத் தட்டு இறங்கும்போது முதலில் அந்த மேட்டை மட்டுமே தொடுகிறது. சுற்றியுள்ள பரப்பெல்லாம் சும்மா இருக்க, பாரம் அனைத்தும் நடுவிலேயே இறங்குகிறது. மேடு நசுங்கித் தட்டு மற்ற இடங்களைத் தொடுமுன்னரே நடுப்பகுதி தன் எல்லையைக் கடந்து, ஓர் ஆப்பைப்போல் கீழ்நோக்கிப் புகுந்து உருளையைப் பிளந்துவிடக்கூடும். கூழாங்கல் ஒன்று அடியிற் கிடக்க அதன்மேல் அம்மியை வைத்தால், அம்மியின் பாரத்தைத் தரை தாங்குவதில்லை, அந்தக் கல்தான் தாங்குகிறது. யந்திரத்தின் மேல்தட்டு ஒரு கோள இருக்கையில் அசையும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பது உண்மையே. ஆனால் அந்த அமைப்பு முனையின் சிறு சாய்வுக்கு இடங்கொடுக்குமேயன்றி, முனையிலுள்ள மேடுபள்ளங்களை ஒரு சிறிதும் சரிசெய்யாது.

இதனை ஊகத்தால் அன்றிச் சோதனையால் நிறுவியவருள் முக்கியமானவர் எச். எஃப். கோனர்மன். முனையின் நிலை உருளையின் வலிமையை எவ்வாறு மாற்றுகிறது என்பதைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சி 1924-ஆம் ஆண்டில் பொருட்சோதனைச் சங்கத்தின் நடவடிக்கைத் தொகுதியில் வெளிவந்தது. குவிந்த முனை குழிந்த முனையைவிட மிகுதியாகக் கெடுதி செய்கிறது என்பதும், கான்கிரீட் எவ்வளவு வலியதோ அவ்வளவுக்கு அக்கெடுதி பெருகுகிறது என்பதும் இன்று அனைவரும் அறிந்த முடிபுகள். இரண்டாவது முடிபு முதற்பார்வைக்கு வியப்பாக இருக்கலாம். மெலிந்த கான்கிரீட் சற்று இணக்கமுடையதாதலால், மேடு நசுங்கிக்கொண்டே பாரத்தைச் சுற்றிலும் பகிர்ந்தளிக்க அவகாசம் உண்டு. வலிய கான்கிரீட்டோ விறைப்பும் நொறுங்குந்தன்மையும் மிக்கது, பகிர்ந்தளிக்குமுன் பிளந்துபோகிறது. ஆகவே சிறந்த கலவைக்கே சிறந்த மூடி இன்றியமையாததாகிறது.

இங்கே என் மனத்தை மிகவும் கவர்ந்த ஓர் உண்மையைக் கூறவேண்டும். சாமானியமாக எந்த அளவையிலும் பிழை இருபுறமும் நேரலாம். சில முறை மிகையாகவும் சில முறை குறைவாகவும் காட்டி, பல முறை அளந்து சராசரி எடுத்தால் பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். கேப்பிங்கில் நேரும் பிழை அத்தகையதன்று. மேடோ, குழியோ, பொள்ளலோ, சாய்வோ, அநேகமாக ஒவ்வொன்றும் எண்ணைக் குறைக்கவே செய்யும். கெட்ட கான்கிரீட்டை நல்லதாகக் காட்டும் மூடி கிடைப்பது அரிது. நல்ல கான்கிரீட்டைக் கெட்டதாகக் காட்டும் மூடிகள் எளிதில் கிடைக்கும். இதைக் கேட்டு, 'அப்படியானால் பாதுகாப்பின் பக்கமே பிழை நேர்கிறது. அதனால் என்ன நஷ்டம்?' என்று சிலர் கேட்பதுண்டு. நஷ்டம் பெரிது. அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் 318-ஆம் விதித்தொகுதி, தொடர்ந்து வரும் மூன்று சோதனைகளின் சராசரி குறித்த வலிமைக்குக் குறையலாகாது என்றும், சாதாரணக் கான்கிரீட்டில் எந்த ஒரு தனிச் சோதனையும் குறித்த வலிமைக்கு 3.5 மெகாபாஸ்கலுக்கு மேல் கீழே போகலாகாது என்றும் கூறுகிறது. மூடியின் குற்றத்தால் ஓர் எண் அந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்தால், வேலை நிற்கிறது. சுவரைத் துளைத்து மாதிரி எடுக்கிறார்கள். கலவை அனுப்பியவர் அடுத்த முறை அநாவசியமாகச் சிமெண்டைக் கூட்டுகிறார். யாவற்றினும் மேலாக, சோதனை என்பதன்மேல் உள்ள நம்பிக்கை தளர்கிறது. உண்மையாகவே பலவீனமான கான்கிரீட் ஒருநாள் வந்து சேரும்போது, 'இதுவும் கேப்பிங் கோளாறாயிருக்கும்' என்று எல்லோரும் கையை உதறிவிடக்கூடிய நிலைமை ஏற்படுகிறது. பாதுகாப்பின் பக்கம் நேர்வதாகச் சொல்லப்படும் பிழை, சுற்றிவந்து ஆபத்தின் பக்கத்திலேயே போய் நிற்கிறது.

நல்ல மூடிக்கு வேண்டிய குணங்கள் எவை? மிருதுவான பொருள் ஏதேனும் ஒன்றை இடையில் வைத்துவிட்டால் மேடுபள்ளம் நிரம்பிவிடாதோ என்று தோன்றும். அதில் ஒரு சூட்சுமம் மறைந்திருக்கிறது. மேலிருந்து அமுக்கப்படும் எப்பொருளும் பக்கவாட்டில் சற்றே விரிய முயல்கிறது. எஃகு கான்கிரீட்டைப்போல் ஏழெட்டு மடங்கு விறைப்புடையதாதலால், ஒரே அழுத்தத்தில் கான்கிரீட் பக்கவாட்டில் விரிய விரும்பும் அளவில் நான்கில் ஒரு பங்கே எஃகுத் தட்டு விரிகிறது. ஆகவே தட்டும் உருளையும் தொடும் இடத்தில் உராய்வு பிறந்து, தட்டு கான்கிரீட்டை உள்நோக்கிப் பிடித்து இறுக்குகிறது. நொறுங்கிய உருளைகளில் மேலும் கீழும் கூம்பு வடிவான துண்டுகள் சேதமின்றி எஞ்சி நிற்பதை நாம் காண்பது இதனால்தான். அவை உராய்வின் பிடியில் காக்கப்பட்ட பகுதிகள். உயரம் விட்டத்தைப்போல் இருமடங்கு இருக்கவேண்டும் என்ற நியதியின் கருத்தும் இப்போது விளங்கும்: இரு கூம்புகளுக்கும் இடையே, உராய்வின் பாதிப்பு எட்டாத நடுப்பகுதி ஒன்று இருந்தால்தான் கான்கிரீட்டின் சொந்த வலிமை வெளிப்படும். இனி, எஃகுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே காப்பில்லாத ரப்பர்த் துண்டை வைத்தால் என்ன ஆகும்? ரப்பர் கான்கிரீட்டைவிடப் பன்மடங்கு பக்கவாட்டில் பிதுங்கி ஓடும். ஓடும்போது முனையிலுள்ள கான்கிரீட்டையும் வெளிநோக்கி இழுக்கும். இழுவிசைக்கு மிகவும் பலவீனமான கான்கிரீட் நெடுக்குவாட்டில் பிளந்து, தன் உண்மை வலிமைக்கு வெகு கீழேயே வீழ்ந்துவிடும்.

ஆகவே மூடி கான்கிரீட்டைக் காட்டிலும் அதிகமாக விரியவும் கூடாது, அதற்கு முன் நசுங்கவும் கூடாது, மெல்லியதாக இருக்கவேண்டும், முனையோடு இடைவெளியின்றி ஒட்டவேண்டும், அதன் வெளிமுகம் தட்டைப்போல் சமமாக இருக்கவேண்டும். இவற்றுள் மெல்லியதாக இருத்தல் என்பதே பலரால் அலட்சியம் செய்யப்படுவது. இரு விறைப்பான பரப்புகளுக்கு இடையே அகப்பட்ட மெல்லிய படலம் நாற்புறமும் உராய்வால் கட்டுண்டிருப்பதால், தன் இயற்கை வலிமைக்கு மேற்பட்ட பாரத்தையும் தாங்கும். அதே பொருள் தடித்திருந்தால் அக்கட்டு தளர்ந்து பிதுங்கத் தொடங்கும். ஒட்டு மூடிகளுக்குரிய சி 617 என்னும் விதி, 50 மெகாபாஸ்கல் வரையுள்ள கான்கிரீட்டுக்கு மூடியின் சராசரிக் கனம் 6 மில்லிமீட்டரையும், எவ்விடத்தும் 8 மில்லிமீட்டரையும் மிஞ்சலாகாது என்கிறது. அதற்கு மேற்பட்ட வலிமைக்குச் சராசரி 3, எவ்விடத்தும் 5 மில்லிமீட்டரே எல்லை. ஆதலால் மிகவும் கோணலான முனையைத் தடித்த மூடியால் நிரவிச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் தவறு. அத்தகைய முனையை ரம்பத்தால் அறுத்துத்தான் சீர்ப்படுத்தவேண்டும்.

ஒட்டு மூடிகளுள் மூத்தது வெறுஞ் சிமெண்ட் குழம்பு. உருளை வார்த்துச் சில மணி நேரம் கழிந்து, கான்கிரீட் அமிழ்ந்து நீர் ஊறுவது நின்றபின், கெட்டியாகப் பிசைந்த சிமெண்டை மேல்முனையில் வைத்து, எண்ணெய் தடவிய தடித்த கண்ணாடித் தட்டைத் திருகியவாறே அழுத்தி, அச்சின் விளிம்பில் படியச் செய்வர். குழம்பைப் பிசைந்தவுடன் பிரயோகிக்காமல் இரண்டு முதல் நான்கு மணி நேரம் வைத்திருந்து பிரயோகிக்கவேண்டும் என்ற விதியில் அநுபவத்தின் முத்திரை இருக்கிறது. சிமெண்ட் தன் முதற் சுருக்கத்தைப் பாத்திரத்திலேயே முடித்துக்கொண்டால், உருளையின்மேல் ஏறியபின் சுருங்கி வெடிக்காது. இம்மூடி கான்கிரீட்டுக்கு உற்ற இனம். அதனோடு சேர்ந்தே முற்றி, அதனோடு சேர்ந்தே வலிமை பெறும். எனினும் இறுகிவிட்ட உருளைக்கு இதைப் பிற்பாடு இடுவதென்றால், போதிய வலிமை பெறப் பல நாள் ஈரத்தில் காத்திருக்கவேண்டும். நாளைக்குச் சோதிக்கவேண்டிய உருளைக்கு இது உதவாது. அத்தகைய அவசரத்துக்கு ஜிப்ஸம் உதவும். ஆனால் சிலை வார்ப்போர் கையாளும் சாதாரணப் பாரிஸ் சாந்து போதாது. மிகக் குறைந்த நீரில் பிசையத்தக்க உயர்வலிமை ஜிப்ஸமே வேண்டும். அதற்கு நீர் ஆகாது. உருளையை ஈரமாகவே வைத்துச் சோதிக்கவேண்டும் என்பது விதி. ஜிப்ஸம் மூடியோ ஈரத்தில் ஊறினால் இளகிவிடும். ஆகவே உடலை ஈரச் சாக்கில் சுற்றி, முனைகளில் நீர் சொட்டாமல் காக்கவேண்டிய சங்கடம் ஏற்படுகிறது.

இந்தச் சங்கடங்களையெல்லாம் கடந்து, பல பத்தாண்டுகள் பரிசோதனைச்சாலைகளை ஆண்டது கந்தகம். தூய கந்தகத்தோடு நுண்ணிய கனிமப் பொடிகளைக் கலந்து செய்த சாந்து இது. கந்தகத்தின் இயல்பை அறிந்தவர்களுக்கு, இந்த வேலைக்கு இயற்கையே அதனைப் படைத்ததுபோலத் தோன்றும். 120 டிகிரி செல்ஷியஸை நெருங்கும்போது அது உருகி நீர்போல் ஓடுகிறது; 130 முதல் 145 டிகிரி வரையுள்ள உஷ்ணத்தில் அதை வார்க்கவேண்டும் என்று விதி குறிப்பிடுகிறது. மற்றத் திரவங்களைச் சூடேற்றினால் மேலும் மேலும் நீர்த்துப்போவது உலக வழக்கம். கந்தகமோ 159 டிகிரியைக் கடந்தவுடன் திடீரென்று பாகுபோல் தடிக்கத் தொடங்குகிறது. எட்டு அணுக்கள் கைகோத்து வளையங்களாக நின்ற அதன் மூலக்கூறுகள் அவ்வெப்பத்தில் பிளந்து, ஒன்றோடொன்று இணைந்து நெடுஞ் சங்கிலிகளாகி, தம்முள் பின்னிக்கொள்வதே அதன் காரணம். தொழிலாளி, 'சாந்து கெட்டியாக இருக்கிறதே, இன்னும் சூடு போதவில்லை போலும்' என்று எண்ணி நெருப்பைக் கூட்டினால் காரியம் முற்றிலும் கெட்டுவிடும். வெப்பமானியைப் பார்க்காமல் கைப்பழக்கத்தை நம்புவது இங்கே செல்லாது.

வார்க்கும் முறையில் ஒவ்வொரு சிறு செயலுக்கும் நியாயம் உண்டு. கடைந்து சமமாக்கிய எஃகுத் தட்டின் குழிவில் எண்ணெயை மெல்லெனத் தடவி, தட்டைச் சற்றே வெதுவெதுப்பாக வைத்திருப்பர். குளிர்ந்த தட்டில் கந்தகம் உடனே உறைந்துவிடுமாதலால் மெல்லிய மூடி கிடைக்காது. கொப்பரையிலுள்ள சாந்தை ஒவ்வொரு முறையும் கலக்கியே முகக்கவேண்டும். இன்றேல் பொடிகள் அடியில் தங்கிவிடும். சாந்தை ஊற்றிய கணமே, செங்குத்தான வழிகாட்டிச் சட்டத்தில் சாய்த்து உருளையை நேராக இறக்கவேண்டும். உருளையின் நடுக்கோட்டுக்கும் முனைக்கும் உள்ள செங்கோணம் அரை டிகிரிக்கு மேல் பிறழலாகாது. முனை ஈரமாயிருந்தால், உருகிய கந்தகம் படும்போது அந்த ஈரம் ஆவியாகி மூடிக்குள் குமிழிகளாக அகப்பட்டுக்கொள்ளும். அந்தப் பொள்ளலுக்கு மேலே உள்ள மூடி பாரத்தைக் கான்கிரீட்டுக்குக் கொடுக்காது. மூடி உறைந்தபின் இலேசான உலோகக் கம்பியால் அதைத் தட்டிப் பார்ப்பர். வெற்றொலி எழுந்தால் மூடியை உடைத்தெடுத்து மறுபடி இடவேண்டும். ஆயிரக்கணக்கான ரூபாய் பெறும் யந்திரத்தின் தீர்ப்பு, பழகிய ஒரு காதின் தீர்ப்புக்குப் பின்னரே தொடங்குகிறது என்பதை நான் பெருமதிப்போடு நோக்குகிறேன். அதன்பின்னும் அவசரம் கூடாது. கந்தகம் உறைந்தவுடன் முழு வலிமையை அடைவதில்லை. உறைந்தபோது எடுத்த படிக வடிவத்தைவிட்டு, சாதாரண உஷ்ணத்துக்குரிய மற்றொரு படிக வடிவத்துக்கு மெல்ல மாறுகிறது. 35 மெகாபாஸ்கலுக்குக் குறைந்த கான்கிரீட்டுக்கு இரண்டு மணி நேரமும், அதற்கு மேற்பட்டதற்கு 16 மணி நேரமும் மூடி ஆறவேண்டும் என்பது விதி.

கந்தகத்தின் கொடுமையையும் மறைக்கலாகாது. அதிகச் சூட்டில் அது தீப்பற்றி, மூச்சை அடைக்கும் கந்தக டையாக்ஸைடு வாயுவைக் கக்கும். எண்ணெயோ மெழுகோ கலந்த பழைய சாந்தை மீண்டும் உருக்கினால் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். அழுகிய முட்டையின் நாற்றமுடைய அந்த வாயு, சிறிது நேரத்தில் முகரும் நரம்பையே மரக்கச் செய்வதால், நாற்றம் நின்றது கண்டு ஆபத்து நீங்கியது என்று நம்புகிறவன் உயிரிழக்கக்கூடும். மற்றோர் அபாயம் கொப்பரைக்குள்ளேயே இருக்கிறது. முந்தைய நாள் உறைந்துபோன சாந்தை அடியிலிருந்து சூடேற்றும்போது, மேலே கெட்டியான ஓடு இருக்க, கீழே உருகியது விரிந்து வழியின்றி முட்டும். ஓடு வெடித்தால் கொதிக்கும் கந்தகம் முகத்தில் தெறிக்கும். இதற்கு ஒரு நேர்த்தியான உபாயம் கண்டிருக்கிறார்கள். இரவில் சாந்து உறையுமுன், அடியைத் தொட்டு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஓர் உலோகக் கம்பியை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் சூடேறும்போது கம்பி வழியே வெப்பம் ஏறி, முதலில் அதைச் சுற்றி ஒரு வளையம் உருகி, உள்ளழுத்தம் வெளியேற வாயிலாகிறது. வெப்பக் கடத்தல் என்னும் பாடத்தைப் புத்தகத்தில் படித்தவர்கள் பலர். அதைக்கொண்டு ஒரு தொழிலாளியின் கண்ணைக் காப்பாற்றியவர் எவரென்று தெரியாவிடினும் அவர் வணங்கத்தக்கவர்.

கந்தகப் புகையிலிருந்து விடுதலை தேடிய முயற்சியே ஒட்டாத மூடிகளாக முடிந்தது. 1993-ஆம் ஆண்டில் சி 1231 என்னும் விதியாக வடிவெடுத்த இம்முறையில், சுமார் 13 மில்லிமீட்டர் கனமுள்ள நியோப்ரீன் ரப்பர்த் தட்டை, விளிம்புள்ள எஃகுக் கிண்ணத்தில் வைத்து, அதை உருளையின் முனையில் தொப்பிபோல் கவிழ்க்கிறார்கள். ரப்பர் உருளையைப் பிளந்துவிடும் என்று சற்றுமுன் கூறியது என்ன ஆயிற்று? எஃகு விளிம்பே அதற்கு விடை. ரப்பரை அமுக்கினால் அதன் வடிவம் மாறுமேயன்றிக் கனஅளவு ஏறக்குறைய மாறாது. நாற்புறமும் எஃகால் அடைபட்டு ஓட வழியற்றுப்போன ரப்பர், திரவத்தைப்போல் எல்லாத் திசையிலும் ஒரேவிதமாக அழுத்துகிறது. மேட்டின்மேலும் பள்ளத்தின்மேலும் ஒரே அழுத்தம் படுகிறது. கிண்ணத்தின் உள்விட்டம் உருளையின் விட்டத்தில் 102 முதல் 107 சதவிகிதத்துக்குள் இருக்கவேண்டும் என்று விதி கண்டிப்பாகச் சொல்வது, ரப்பர் பிதுங்கி ஓடும் இடுக்கைச் சிறிதாக வைப்பதற்கே.

ரப்பரின் கடினத்தையும் கான்கிரீட்டின் வலிமைக்கேற்பத் தேர்ந்தெடுக்கவேண்டும். ஷோர் அளவையில் 50 கடினமுள்ளது 10 முதல் 40 மெகாபாஸ்கல் வரைக்கும், 60 உள்ளது 17 முதல் 50 வரைக்கும், 70 உள்ளது 28 முதல் 50 வரைக்கும் ஏற்றவை. அதற்கு மேல் 80 மெகாபாஸ்கல் வரை போகவேண்டுமானால், அந்த ரப்பர் தகுதியுடையதென்று ஒப்புமைச் சோதனைகளால் முன்கூட்டியே நிரூபித்தாகவேண்டும். இவ்வளவு வசதியான முறைக்கும் எல்லை உண்டு. 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பள்ளமுள்ள முனையை ரப்பர் நிரவாது. ஒரு ரப்பரை நூறு உருளைகளுக்கு மேல் பிரயோகிக்கலாகாது. 10 மில்லிமீட்டருக்கு மேல் நீண்ட கீறல் விழுந்தால், அது எவ்வளவு ஆழமற்றதாயினும், உடனே எறிந்துவிடவேண்டும். சிக்கனம் கருதிக் கிழிந்த ரப்பரை வைத்துக்கொள்ளும் பரிசோதனைச்சாலை, சில ரூபாயை மிச்சப்படுத்தி, பிறருடைய பல இலட்ச ரூபாய் வேலையைச் சந்தேகத்துக்கு ஆளாக்குகிறது. இம்முறையில் முறிவும் வேறுவிதமாக நிகழும். கந்தக மூடியில் நாம் காணும் அழகிய இரட்டைக் கூம்புகளுக்குப் பதிலாக, முனையோரத்தில் பக்கச் சில்லுகள் பெயர்வதே பெரும்பான்மை. உச்ச பாரத்தை எட்டுமுன்னரே ஒரு மூலை விண்டு, யந்திரத்தின் முள் சற்றுத் தயங்குவதுமுண்டு. அதையே முடிவென்று கருதி நிறுத்துபவர் குறைந்த எண்ணையே எழுதுவார். உருளை உண்மையில் தோற்றுவிட்டது என்று உறுதியாகும்வரை பாரத்தை ஏற்றிக்கொண்டே போகவேண்டும். முறிவு கந்தகத்தைவிட வேகமானதாதலால், யந்திரத்தைச் சுற்றிக் காப்புக் கூண்டு அவசியம்.

வலிமை மேலும் உயர்ந்தால் இவையாவும் தளர்ந்துவிடுகின்றன. மூடியே இல்லாமல், வைரப் பொடி பதித்த சக்கரத்தால் முனைகளை அரைத்துச் சமமாக்கிவிடுவதே அப்போது சிறந்த வழி. ஐரோப்பிய விதித்தொகுதியும் தகராறு ஏற்படுமிடத்து அரைத்தலையே இறுதிப் பிரமாணமாகக் கொள்ளுகிறது. செலவும் நேரமும் மிகுதியாயினும், இடையில் வேற்றுப்பொருள் இல்லாமையால் கிடைக்கும் எண் கான்கிரீட்டுக்கே உரியது. பிரான்ஸின் சாலைகள் பாலங்களுக்கான மத்திய ஆராய்ச்சிக்கூடத்தில் 1980-களின் இறுதியில் குளோட் பூலே என்பவர் விளக்கிய மணற்பெட்டி முறையோ, எளிமையினால் என்னைக் கவர்வது: எஃகுப் பெட்டியில் உலர்ந்த நுண்மணலை இட்டு, உருளையின் முனையை அதில் பதித்து, அதிர்வால் இறுகச் செய்து, சுற்றிலும் உருகிய மெழுகை ஊற்றிப் பிடித்து நிறுத்துகிறார்கள். அடைபட்ட மணல் மேடுபள்ளங்களுக்கேற்பத் தன்னை அமைத்துக்கொண்டு மிகுந்த பாரத்தைச் சமமாகக் கடத்துகிறது; புகை இல்லை, காத்திருத்தலும் இல்லை.

இந்தியாவில் கட்டட வேலை பார்ப்பவர்கள், 'நாங்கள் உருளை வார்ப்பதில்லையே, 150 மில்லிமீட்டர் கனசதுரத்தைத்தானே வார்க்கிறோம்' என்று கேட்கலாம். ஆங்கிலேயர் வழியில் வந்த கனசதுர முறையின் தந்திரமே கேப்பிங்கைத் தவிர்ப்பதுதான். வார்த்த மேல்முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு, எஃகு அச்சைத் தொட்டு உறைந்த இரு வழுவழுப்பான முகங்களைத் தட்டுகளுக்குக் காட்டுகிறோம். ஆனால் உயரமும் அகலமும் சமமாக இருப்பதால், உராய்வின் பிடியிலிருந்து தப்பிய நடுப்பகுதி கனசதுரத்தில் ஏறக்குறைய இல்லை. எனவேதான் ஒரே கான்கிரீட் உருளையில் காட்டும் வலிமை கனசதுரத்தில் காட்டுவதில் சுமார் ஐந்தில் நான்கு பங்காக இருக்கிறது. ஐரோப்பியர் தம் கான்கிரீட்டுக்கு சி 30/37 என்றாற்போல் இரட்டை எண் இடுவது இவ்விரண்டையும் சேர்த்துக் குறிக்கவே. கனசதுரம் ஒரு தொல்லையை நீக்கி, உராய்வு என்ற மற்றொன்றை உள்ளே அழைத்துக்கொள்கிறது என்பதே என் அபிப்பிராயம். எனினும் அன்றாட வேலையின் வேகத்தில், மூடியில் நேரும் மனிதப் பிழையைக் காட்டிலும், என்றும் ஒரேவிதமாக இருக்கும் உராய்வு குறைந்த தீங்கு என்று நம் முன்னோர் கருதியதில் தவறில்லை.

கனசதுரம் குறைந்த எண்ணைக் காட்டிய இடத்திலும், பழைய கட்டடத்தின் பலத்தை அறியவேண்டிய இடத்திலும், இந்தியப் பொறியியலாளரும் உருளைக்கே வரவேண்டியிருக்கிறது. வைர முனைக் குழாயால் சுவரையோ தூணையோ துளைத்தெடுக்கும் கோர் என்னும் மாதிரி உருளை வடிவினதே. அதன் இரு முனைகளும் அறுபட்டவை அல்லது முறிபட்டவை. இந்தியத் தர விதி ஐ.எஸ். 516 அவற்றுக்கு 0.05 மில்லிமீட்டர்ச் சமதளத்தையே கேட்கிறது. மூடி இயன்றவரை மெல்லியதாக இருக்கவேண்டும் என்கிறது. கிடைத்த வலிமையை, உயரத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்துக்கேற்பத் திருத்தி, ஒன்றேகாலால் பெருக்கிக் கனசதுர வலிமையாக மாற்றுகிறார்கள். ஐ.எஸ். 456-இன்படி மூன்று கோர்களுக்குக் குறையாமல் எடுத்து, அவற்றின் சராசரி குறித்த வலிமையில் 85 சதவிகிதத்துக்கும், தனிக் கோர் ஒவ்வொன்றும் 75 சதவிகிதத்துக்கும் குறையாதிருந்தால் அந்தக் கான்கிரீட் ஏற்கத்தக்கது. வார்த்த உருளை கெட்டால் அதன் உடன்பிறந்த உருளை அலமாரியில் இருக்கும். கோர் கெட்டாலோ, தூணில் இன்னொரு துளை இடவேண்டும். கம்பியை அறுக்காத இடம் மறுபடியும் கிடைப்பது எளிதன்று. ஆதலால், கோர் சோதனை அறிக்கையைப் பெறும் பொறியியலாளர், வலிமை என்ற கட்டத்தில் உள்ள எண்ணைப் பார்க்குமுன், முனைகள் எப்படிச் சமமாக்கப்பட்டன, எந்தப் பொருளால் மூடப்பட்டன, எவ்வளவு கனத்தில், எத்தனை மணி நேரம் ஆறவைத்து, முறிவு எவ்வடிவில் நிகழ்ந்தது என்ற விவரங்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று நோக்கவேண்டும். இல்லையென்றால், அவற்றை எழுதித் தரும்படி அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்பவேண்டும்.